மச்சான் வண்டியின் முன்கண்ணாடி

ஒரு பொருளைக் கெடுக்க நினைக்கிறவர்களைக் கண்டு அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. அவர்கள் வரும்போதே தெரிந்துவிடும், எடுத்து ஒளித்துவைத்துக்கொள்ளலாம். "கொடுங்க, பளபளன்னு ஆக்கித் தரேன்" என்று தாமாக முன்வருகிறவர்களைக் கண்டுதான் பயப்பட வேண்டும். நான் அந்த ரகம். இன்றைக்கும் என் கையில் ஒரு துணியைப் பார்த்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இந்தப் பெயரைச் சிலர் ஆயுள் முழுக்க உழைத்துச் சம்பாதிப்பார்கள். எனக்கு ஒரே மத்தியானம் போதுமானதாக இருந்தது.

அப்போது நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் முடித்திருந்தேன். (மதிப்பெண் எவ்வளவு என்று கேட்காதீர்கள். நல்ல மதிப்பெண்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.) புனேயில், வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சோதனைப் பிரிவு. திங்கட்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்த வேலை மேல் உயிர். ராத்திரி கனவில்கூட மராத்தி பேசினேன், ஒரு வார்த்தை தெரியாமலே.

அப்பாவுக்குத் துடியலூரில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை. பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பார். மகள் மெக்கானிக்கல் படித்ததில் அவருக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை ஊர் எல்லையில் இருக்கிற நீலாம்பூரைத் தாண்டாது.

"கோயமுத்தூருல இல்லாத கம்பெனியா அம்மணி? தெருவுக்கு நாலு கம்பெனி இருக்குது. பூனாவுக்குப் போயி என்னத்தக் கடையப் போற?"

அழுதேன், சாப்பிடாமல் இருந்தேன் (அம்மா தூங்கிய பிறகு சாப்பிட்டேன்), அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். கடைசியில் அப்பா ஒரே ஒரு கதவைத் திறந்தார்.

"ஆடி நோம்பிக்கு மாப்ள வாராரில்ல. அவரு நாலு எடம் போயி வந்தவரு. அவரு போகலாமுன்னு ஒரு வார்த்தை சொன்னா, அப்புறம் நான் குறுக்க நிக்கல."

மாப்பிள்ளை என்றால் அக்காவைக் கட்டிய பிரபு மச்சான். ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். கல்யாணமாகி அது முதல் ஆடி. எங்கள் பக்கத்தில் முதல் ஆடிக்குப் புது மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைப்பதை எப்படி நடத்துவோம் என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அன்றைக்கு அவர் முகம் கோணக் கூடாது. அவர் தும்மினால்கூடக் குற்றம் எங்களுடையது. அதேபோல மாமனார் வீட்டில் எதைப் பற்றியும் குறை சொல்லக் கூடாது என்பது மாப்பிள்ளை தரப்புச் சட்டம். இரண்டு பக்கமும் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தால் அதற்குப் பெயர் மரியாதை.

அதிலும் மச்சான் சாதாரண மரியாதைக்காரர் அல்ல. யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், "பார்த்துங்க, உங்க காலு நோவுதுங்களா?" என்று கேட்கிற மனிதர். இப்படிப்பட்டவர் என் அப்பாவின் பேச்சை மறுத்து எனக்காகப் பேசுவாரா என்பது எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. ஏதாவது செய்து அவர் மனதைக் கரைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானும் அக்காவும் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஆடிக் காற்று அவிநாசி ரோட்டில் இருந்த புழுதியை எல்லாம் வாரி அவர்கள் மேல் கொட்டியிருந்தது. அக்கா தலையில் முக்காடு, முக்காட்டின் மேல் மண். நெடுந்தூரம் போகிறவர்கள் வைத்திருக்கிற பெரிய வண்டி அது. முன்பக்கம் காற்றைத் தடுக்க, முகத்துக்கு மேலே வருகிற உயரத்தில் ஒரு முன்கண்ணாடி. பேர்தான் கண்ணாடி, உண்மையில் தெளிவான பிளாஸ்டிக். லடாக் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு எங்கோ சொல்லிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. அதன்மேல் புழுதி செங்கல் நிறத்தில் படிந்து, நடுநடுவே கருமத்தம்பட்டியிலிருந்து கணியூர் வரைக்குமான பூச்சிகள் அத்தனையும் ஒட்டிச் செத்திருந்தன.

"அதைத் தொடைக்கறதுக்குன்னே ஒரு துணி வெச்சிருக்காரு. என்னையவே தொட விட மாட்டாரு" என்று அக்கா சமையற்கட்டில் அலுத்துக்கொண்டாள்.

புத்தி உள்ளவளுக்கு இது எச்சரிக்கை. எனக்கு இது வாய்ப்பாகப் பட்டது.

விருந்து நடந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், கச்சாயம், ஒப்புட்டு (மற்ற ஊர்க்காரர்களுக்குப் போளி). மச்சானுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது, அம்மாவுக்குப் போதும் என்று சொன்னால் காதில் விழாது. "இன்னொன்னு வெச்சுக்கோங்க மாப்ள, எளைச்சுப் போயிட்டீங்க" என்று அம்மா ஒப்புட்டு மேல் ஒப்புட்டாக வைத்து நெய்யை ஊற்ற, அவர் கண்கள் மெல்ல மெல்லச் சொருகின. கை கழுவிய ஈரம் காயுமுன் கட்டிலில் சாய்ந்துவிட்டார். அப்பா பக்கத்து அறையில் குறட்டை. என் வேலையைப் பற்றிப் பொழுதோட, சாயங்காலக் காப்பி குடிக்கும்போது பேசுவதாக ஏற்பாடு.

நான் வாசலுக்கு வந்தேன். எழுந்து வந்து பார்க்கும்போது கண்ணாடி மின்ன வேண்டும், மச்சான் உருக வேண்டும், "நம்ம அம்மணி எங்க போனாலும் பொழைச்சுக்கும்" என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

துணிக்குப் பட்டறைக்குள் போனேன். அங்கே மூலையில் பனியன் வேஸ்ட் மூட்டை இருக்கும். திருப்பூர் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துண்டுத் துணி அது. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு அதுதான் கைக்குட்டை, அதுதான் துவாலை. பூ மாதிரி மெத்தென்று இருக்கும். பனியனே உடம்பில் போடுகிற துணி, பிளாஸ்டிக்கை என்ன செய்துவிடும்? மூட்டையைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, லேத் மேல் கிடந்த ஒரு பிடியை எடுத்துக்கொண்டேன். அது காலையிலிருந்து, ஏன், அந்த வாரம் முழுக்க அப்பா லேத்தைத் துடைத்த துணி. இரும்புப் பொடி அதற்குள் எப்படிக் குடியிருக்கும் என்பது லேத் பட்டறைக்காரன் மகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

தண்ணீர் ஊற்றினேனா? இல்லை. ஊற்றினால் கோடு கோடாக உப்புப் படியும் என்று ஒரு மேதாவித்தனம். (எங்கள் போர்வெல் தண்ணீர் அப்படி. சொன்ன காரணம் சரி, செய்த காரியம் தப்பு.) வறண்ட புழுதியின் மேல் வறண்ட துணியை வைத்து, உடம்பில் இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கறக் கறக் என்று ஒரு சத்தம் வந்தது. அழுக்கு கதறுகிறது என்று எடுத்துக்கொண்டேன். போகாத பூச்சிகளுக்குச் சமையற்கட்டிலிருந்து பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கொண்டுவந்தேன்.

புழுதி போய்விட்டது. போர்ட்டிகோ நிழலில் கண்ணாடி நன்றாகத்தான் தெரிந்தது. அழகு பார்க்க வண்டியைக் கொஞ்சம் வெயிலுக்குத் தள்ளினேன்.

வெயில் பட்டதும் கண்ணாடி முழுக்க வட்டங்கள் எழுந்தன. சிலந்தி வலையைக் கோலப் போட்டிக்கு அனுப்பியது போல நெருக்கமான, நேர்த்தியான வட்டங்கள். பூச்சி இருந்த இடங்களில் தனியாகச் சின்னச் சின்னக் கீறல் பூக்கள்.

புனே மெல்லப் பின்னால் நகர்ந்தது. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூட மச்சான் வெளிச்சத்தின் விளையாட்டு என்று நினைத்திருப்பார். ஆனால் நான் படித்தவள் ஆயிற்றே. இது கீறல் இல்லை, துணியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு என்று எனக்கு நானே ஒரு விளக்கம் கொடுத்து, பிசுக்கைப் போக்கப் பட்டறையிலிருந்து தின்னர் எடுத்து வந்தேன். பெயின்ட் கலக்குகிற அதே தின்னர்.

ஊற்றித் துடைத்தேன். துடைத்த இடம் வெளுத்தது. இன்னும் துடைத்தேன், இன்னும் வெளுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊட்டிப் பனி இறங்கி மூடியது போலக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முருங்கை மரம் மறைந்துபோயிற்று. பிளாஸ்டிக்கின் மேல் தின்னர் பட்டால் என்ன ஆகும் என்று பரீட்சையில் நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண்.

உள்ளே மச்சான் கட்டிலில் புரளும் சத்தம் கேட்டது. குளியலறையில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டில்தான் என் கண்ணில் பட்டது. உள்ளங்கை நிறைய ஊற்றிக் கண்ணாடியில் தடவினேன். அட! அதிசயம் போல வெண்மை மறைந்தது. கீறல்கள் அமுங்கின. முருங்கை மரம் இலை இலையாகத் திரும்ப வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். இன்னும் கொஞ்சம் ஊற்றி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் வழிய வழியத் தடவிவிட்டு, தலைக்கும் மிச்சத்தைத் தேய்த்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் போய்ப் படுத்தேன்.

படுக்கும்போது ஒன்றை மறந்துவிட்டேன். அது ஆடி மாதம்.

காற்று கிளம்பியது. நான் தூங்கிய நேரத்தில் தெருப் புழுதி, பட்டறை வாசல் தூசி, முருங்கைப் பூ, மத்தியானம் குழம்பான கோழியின் இறகு, எல்லாம் வந்து எண்ணெயில் பக்குவமாக உட்கார்ந்துகொண்டன.

முதலில் பார்த்தது அம்மா. என்னை வாசலுக்கு இழுத்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன அம்மணி இது?"

"தொடச்சேம்மா."

"எதுல? சாணியிலயா?"

விஷயத்தைச் சொன்னேன். அம்மா நெற்றியில் கை வைத்தாள். "கெரகம். மொதல் ஆடி அதுவுமா! மாப்ள காதுல ஒரு வார்த்தை விழுகக் கூடாது. வாயத் தொறந்த, அப்புறம் பாத்துக்க!" என்று சொல்லிக் கொடியிலிருந்த ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். புழுதியும் எண்ணெயும் சேர்ந்து குழம்பி, முன்னால் பனியாக இருந்தது இப்போது மண் சுவராயிற்று. என் கைராசி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

காப்பி வந்தது. அதற்குள் வானம் கறுத்து, மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அக்கா பறந்தாள். என் வேலைப் பேச்சு காப்பி டம்ளருக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்பா தொண்டையைக் கனைத்து, "அம்மணி வேலை விஷயமா உங்களைய ஒண்ணு கேக்கோணுமுன்னு..." என்று ஆரம்பித்ததை முடிப்பதற்குள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

மச்சான் வண்டியைப் பார்த்தார்.

நெடுநேரம் பார்த்தார். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். ஒரு விரலை வைத்து இழுத்து, விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார். தேங்காய் எண்ணெய். அவர் முகத்தில் ஒரு நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்.

"ஏனுங்க மாப்ள, வண்டியெல்லாம் சௌரியமா இருக்குதுங்களா?" என்றார் அப்பா, ஒன்றும் தெரியாமல்.

"சௌரியமுங்க மாமா" என்றார் மச்சான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "யாரோ... நல்லா எண்ணெயெல்லாம் வெச்சு விட்டிருக்கறாங்க. நல்லதாப் போச்சுங்க. வெயிலு கண்ணக் கூசாது."

வானத்தில் அப்போது வெயிலே இல்லை.

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அம்மா என் புறங்கையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். மச்சான் தன் விதியை ஏற்றுக்கொண்டவராக ஹெல்மெட் போட்டு ஏறினார். அக்கா பையோடு பின்னால் ஏறினாள். வண்டி மெதுவாக வாசல் கேட்டை நோக்கி நகர்ந்தது.

எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூண். நோம்பிக்கென்று சுண்ணாம்பு அடித்திருந்தோம். அம்மா கண்ணாடியைத் துடைத்த துண்டை அவசரத்தில் அதன் தோளில், அதாவது மேலே, போட்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெரியப்பா தினமும் பொழுதோட வெள்ளை வேட்டி, தோளில் துண்டு என்று அதே இடத்தில்தான் நின்று ரோட்டை வேடிக்கை பார்ப்பார். அன்றைக்கு அவர் இல்லை.

மச்சான் தூணருகே வண்டியை நிறுத்தினார். குனிந்தார். கைகூப்பினார்.

"பெரியப்பா, போயிட்டு வாரேனுங்க."

தூண் பேசாமல் நின்றது. பெரியப்பாவுக்குக் காது மந்தம் என்பது மச்சானுக்குத் தெரியும். ஆகவே இன்னும் குனிந்து, இன்னும் சத்தமாக:

"போயிட்டு வாரேனுங்க! ஒடம்பு பரவாயில்லைங்களா?"

அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அது தூணுங்க!" என்று கத்திவிட்டு, சிரிப்பில் பையோடு வண்டியிலிருந்து நழுவி இறங்கிக் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், பயனில்லை. நானும் சிரித்தேன், மானம் போன சிரிப்பு. மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றி, தூணைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

சிரிக்காதவர் அப்பா மட்டும். அவர் கிட்டே வந்து, கண்ணாடியை நகத்தால் சுரண்டி, முகர்ந்து, ஒரே நொடியில் அத்தனையையும் படித்துவிட்டார்.

"இரும்புப் பொடி. தின்னர். தேங்கா எண்ணெ" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீதான."

தலையாட்டினேன்.

"ஒரு கண்ணாடியத் தொடைக்கத் தெரியல. மொதல்ல தண்ணிய ஊத்தி ஊற வைக்கோணும், அப்புறம் மெதுவாத் தொடைக்கோணுமுன்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த லட்சணத்துல பூனாவாம் பூனா! ஒண்ணும் வேண்டாம். ஊட்டுலயே கெட."

சிரிப்பு நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளைக்குத் திங்கட்கிழமை. மச்சானைக் கரைக்கப் போய், கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கக்கூடிய அந்த ஒரு வார்த்தையையும் நானே தேய்த்து அழித்துவிட்டேன்.

மச்சான் வண்டியிலிருந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மாமா, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்கக் கூடாதுங்க."

"சொல்லுங்க மாப்ள."

"அம்மணிக்கு அங்க என்ன வேலைங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்: "வண்டிக்குப் போடற பிளாஸ்டிக் பாகத்தையெல்லாம் சோதிக்கற வேலைங்க மச்சான். மண்ணப் போட்டுத் தேய்ப்பாங்க, கீறிப் பார்ப்பாங்க, எண்ணெ, தின்னர் எல்லாம் ஊத்தி... எதுல கெடுதுன்னு பார்ப்பாங்க."

சொல்லச் சொல்லத்தான் என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று எனக்கே புரிந்தது.

மச்சான் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிகுந்த பணிவோடு அப்பாவிடம் சொன்னார்:

"அப்ப இதுக்கு மேல என்னத்தக் கத்துக்கிட்டுப் போகோணுமுங்க மாமா? அவங்க ஒரு மாசம் பண்ற சோதனைய அம்மணி ஒரு மத்தியானத்துல முடிச்சிருச்சுங்க. அனுப்பிச்சுப்போடுங்க. அங்க கெடுத்தாச் சம்பளமுங்க. இங்க கெடுத்தா நம்ம வண்டி போயிருமுங்க."

அப்பாவின் தோள் குலுங்கியது. அப்பா சிரித்து நான் பார்ப்பது அபூர்வம். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, பட்டறையிலிருந்து ஸ்பேனர் எடுத்து வந்து கண்ணாடியைத் தானே கழற்றினார். மச்சானும் அக்காவும் ஆடிக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனார்கள். மறுநாள் நான் வருகிறேன் என்று புனேக்குப் பதில் போட்டேன்.

இப்போதும் அதே பிரிவில்தான் இருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறேன். எனக்கும் ஒரு வண்டி, அதற்கும் ஒரு முன்கண்ணாடி உண்டு. நிழலில் நிறுத்தி, ஈரத்துணியைப் போர்த்திப் புழுதியையும் பூச்சியையும் ஊறவைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கிறேன். தேய்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறேன் என்று நினைப்பார்கள்.

கழற்றிய கண்ணாடியை அப்பா தூக்கிப் போடவில்லை. இரும்புச் சுருள் தெறிக்காமல் இருக்க லேத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டார். எந்தப் பொடி கீறியதோ அதே பொடியை இப்போது அது தடுக்கிறது. வீடியோ காலில் அதன் பின்னாலிருந்து மங்கலாகத் தெரிவார். "உன்ற கண்ணாடி நல்லாத்தான் உழைக்குது அம்மணி" என்பார்.

எனக்குக் கல்யாணமாகி முதல் ஆடி வந்தபோது என் வீட்டுக்காரர் பைக்கில் போகலாம் என்றார். மச்சான் அவரைப் போனில் தனியாக அழைத்துப் பேசினார். நாங்கள் பஸ்ஸில் போனோம்.

அந்த விருந்தில்தான் மச்சான் ஒப்புட்டைப் பிய்த்துக்கொண்டே போகிற போக்கில் ஒன்று சொன்னார். "அன்னைக்குக் கண்ணாடி நல்லா இருந்திருந்தா, உங்கப்பா கேட்டதுக்கு நானு என்ன சொல்லியிருப்பேன் தெரியுங்களா? 'நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க மாமா'ன்னு சொல்லிப்போட்டுப் போயிருப்பேன். மாமனார் பேச்சை எப்படிங்க மறுத்துப் பேசறது? ஒரு தூணுக்கு வணக்கம் வெச்சு மானம் போனதுக்கப்புறந்தான் எனக்கு வாயே தொறந்துச்சு."

நான் கையிலிருந்த ஒப்புட்டை இலையில் வைத்துவிட்டு, வாசல் தூணை எட்டிப் பார்த்தேன்.

விடுமுறை முடிந்து நான் கிளம்பும்போதெல்லாம் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்பா, அம்மா, அக்கா, மச்சான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினால், "பெரியப்பாகிட்டச் சொல்லலையா?" என்று ஒரு குரல் வரும். நான் திரும்பிப் போய்த் தூணுக்கு முன்னால் நின்று, கைகூப்பி, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். அவர்கள் விளையாட்டுக்குச் சொல்லச் சொல்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.